கேளுங்கள், சொல்கிறோம்

கே: ஹவாய் பெரிய தீவில் உள்ள ‘புஉஹொனுவா ஓ ஹோனௌனௌ’ என்ற பழங்காலப் புனிதப் புகலிடத்துக்குப் போகிறோம். அங்கே செருப்பைக் கழற்ற வேண்டுமா? காணிக்கை வைக்கலாமா?

ப: செருப்பு இருக்கட்டும். எரிமலைப் பாறை வெயிலில் தகிக்கும், விளிம்பு காலைக் கிழிக்கும். மூடிய காலணியே நல்லது.

காணிக்கை வேண்டாம். ஒரு கல்லை எடுத்து ‘டி’ (ti) என்ற ஹவாய்ச் செடியின் இலையில் சுற்றி வைப்பதைப் பலர் மரபு என்றே நினைக்கிறார்கள். அந்தக் கல் பெரும்பாலும் பழைய சுவரிலிருந்து உருவியதாக இருக்கும்; இலையையும் செடியிலிருந்து பறித்திருப்பார்கள். இங்குள்ள பெருஞ்சுவர் சுமார் 12 அடி உயரம், 18 அடி அகலம். சாந்தே கிடையாது. பெரிய கற்களைச் சிறு கற்கள் இடுக்கில் நின்று தாங்குகின்றன. கைக்கு அடக்கமான அந்தச் சிறு கல் போனால் பக்கத்துக் கற்கள் தளர்ந்து, நாளடைவில் சுவர் சரியும். ஏறினாலும், சாய்ந்து உட்கார்ந்தாலும் இதே கதைதான்.

‘ஹாலே ஓ கேயாவே’ 23 ஹவாய்த் தலைவர்களின் எலும்புகள் வைக்கப்பட்டிருந்த கோயில். வேலிக்கு வெளியே நின்றே பாருங்கள். ‘கிஇ’ மரச்சிலைகளைத் தொடாதீர்கள். யாராவது சடங்கு செய்துகொண்டிருந்தால் கேமராவை இறக்கிவிட்டு விலகி நில்லுங்கள். அமெரிக்கத் தேசியப் பூங்கா என்பதால் டிரோனுக்கும் தடை.