தைராய்டு மாத்திரையுடன் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கலாமா?

வேண்டாம். எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துவிடுவது வசதிதான். ஆனால் கால்சியமும் இரும்பும் குடலுக்குள் தைராய்டு மாத்திரையிலுள்ள லெவோதைராக்சின் என்ற மருந்தைப் பற்றிக்கொள்கின்றன. மருந்தின் ஒரு பகுதி ரத்தத்தில் சேராமலேயே வெளியேறிவிடும். ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிடாதவருக்கும் டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் கூடும் ஹார்மோன்) அளவு ஏறுவதற்கு இது ஒரு காரணம். இதைக் கவனிக்காமல் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது வருத்தத்துக்குரியது.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீருடன், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு எடுங்கள். மற்ற இரண்டுக்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி தேவை. மதியம் ஒன்று, இரவு மற்றொன்று என வைத்துக்கொள்ளலாம். ஏனெனில் இரும்பு உடலில் சேர்வதையும் கால்சியம் தடுக்கும். மல்டிவைட்டமின் அட்டையையும் படித்துப் பாருங்கள், பலவற்றில் இவை இருக்கின்றன. கர்ப்பிணிகள் சத்து மாத்திரைகளை நிறுத்திவிடவே கூடாது. நேரத்தை மாற்றினால் போதும்.

முடி உதிர்வுக்குச் சாப்பிடும் பயோட்டின் என்ற வைட்டமின் தைராய்டு மருந்தைத் தடுப்பதில்லை, ஆனால் சில பரிசோதனை முறைகளில் டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்துங்கள்.

நேரத்தை மாற்றியபின் 6 முதல் 8 வாரங்களில் மறுபடி பரிசோதியுங்கள். மருந்து இப்போது கூடுதலாகச் சேர்வதால், மருத்துவர் அளவைக் குறைக்க நேரலாம்.