மாட்யூலை நீக்கியதும் கெர்னல் விழுகிறதா? டைமரைப் பாருங்கள்

வணக்கம். லினக்ஸில் நீங்கள் எழுதிய மாட்யூலை (கெர்னலில் சேர்க்கவும் நீக்கவும் கூடிய நிரல் துண்டு) நீக்கிய சில நொடிகளில், இயங்குதளத்தின் மையமான கெர்னல் விழுகிறது, சிபியுவின் ரெஜிஸ்டரில் 6பி6பி6பி6பி என்று நிற்கிறது என எழுதியிருந்தீர்கள். அந்த 6பி தற்செயலானதல்ல. ஸ்லப் (கெர்னலின் நினைவக ஒதுக்கீட்டு அமைப்பு) பிழைத்திருத்தம் இயங்கும்போது, விடுவித்த நினைவகத்தை லினக்ஸ் அந்த பைட்டால்தான் நிரப்பும். ஆக, நினைவகத்தை விடுவிக்கும் கேஃப்ரீ அழைப்புக்குப் பிறகும் அந்த இடத்தை ஏதோ தொடுகிறது.

உங்கள் நிரலைப் பார்த்தால் டைமர் (குறித்த நேரத்தில் ஒரு செயற்கூறை ஓட வைப்பது) மீதுதான் சந்தேகம். டெல்_டைமர் அதை வரிசையிலிருந்து எடுக்குமே தவிர, வேறொரு சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் (நேரம் வந்ததும் டைமர் அழைக்கும் செயற்கூறு) முடியும்வரை காத்திருக்காது. உங்கள் ஹேண்ட்லரோ கடைசி வரியில் மோட்_டைமரை அழைத்து டைமரை மறுபடியும் கிளப்பிவிடுகிறது. கெர்னல் 6.2 முதல் உள்ள டைமர்_ஷட்டவுன்_சிங்க்கைக் கேஃப்ரீக்கு முன்னால் போடுங்கள். அது ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருக்கும், டைமரை மீண்டும் கிளம்பவும் விடாது. ஹேண்ட்லர் கேட்கும் ஸ்பின்லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) பிடித்துக்கொண்டு மட்டும் அதை அழைத்துவிடாதீர்கள், ஹேண்ட்லரும் அந்த அழைப்பும் ஒன்றுக்கொன்று காத்து அப்படியே நின்றுவிடும். பிறகு கேசானோடு (கெர்னலில் தவறான நினைவக அணுகலைக் கண்டுபிடிக்கும் கருவி) ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.