தட்டை மாற்றிப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

பொள்ளாச்சிப் பக்கம் ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். சந்தையையும் நியாயத்தையும் சேர்த்து ஒரு பாடம் நடத்த ஆசைப்பட்டு இணையத்தில் டி.எல்.எம்., அதாவது கற்பித்தல் பொருள், தேடினேன். கிடைத்ததெல்லாம் ஆங்கிலப் பயிற்சித்தாள்கள். அங்கே சந்தைக்கும் நியாயத்துக்கும் 'ஃபேர்' என்று ஒரே சொல் இருப்பதால் அதை வைத்தே செய்திருக்கிறார்கள். ராட்டினத்துக்கு வண்ணம் தீட்டு, பகிர்ந்து உண்ணும் குழந்தைக்கு டிக் போடு என்று போகிறது. என் பிள்ளைகள் ராட்டினத்துக்கு வண்ணம் அடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

சரி என்று வராந்தாவில் நாங்களே ஒரு சந்தை போட்டோம். ஆளுக்கு ஐம்பது ரூபாய் அட்டைப் பணம். முருங்கைக்கீரை விற்ற பையன் கடைசி மணி அடிக்கும்போது வாடிய கீரையோடு நின்றான். "எல்லாருக்கும் ஒரே காசுதான் குடுத்தீங்க டீச்சர். ஆனா வளையல் வாடாது, கீரை வாடுமே. இது நியாயமா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. இதற்கு ஏதாவது கற்பித்தல் பொருள் இருக்கிறதா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம. டீச்சர்,

அந்தப் பையனுக்கு அன்றைக்கே ஒரு பதிலைச் சொல்லி வாயை அடைக்காமல் விட்டீர்களே, அதற்கு முதலில் நன்றி. என் கேள்வியை அப்படி அடைத்தார்கள்.

அம்மா நிலக்கடலை மூட்டையோடு வாரச் சந்தைக்குப் போகும்போது நானும் போவேன். கடலை வாங்கும் வியாபாரி வள்ளம் என்கிற அளவைப் பாத்திரத்தில் கோபுரமாகக் குவித்து, வழிய வழிய அளப்பார். கொஞ்ச நேரம் கழித்து அதே வள்ளத்தால் வேறொருவருக்கு விற்பார். அப்போது ஒரு குச்சியால் வாயோடு வாயாக வழித்துத் தலைதட்டி அளப்பார். வள்ளம் ஒன்றுதான். அதில் குறை சொல்ல முடியாது. "ஏம்மா நமக்கு மட்டும் குவிச்சு அளக்கறார்?" என்று கேட்டேன். "சந்தைன்னா அப்படித்தான், பேசாம வா" என்றாள். அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்குள் அப்படியே இருக்கிறது.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றிப் பட்டினப்பாலை சொல்லும் வரியைக் கல்லூரியில் படித்தபோது எனக்கு அந்த வள்ளம்தான் ஞாபகம் வந்தது. 'கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது.' வாங்கும்போது கூடுதலாக வாங்காமல், விற்கும்போது குறைத்துக் கொடுக்காமல். அவர்கள் மனசை நீண்ட நுகத்தடியின் நடுவில் இருக்கும் ஆணிக்கு ஒப்பிடுகிறது பாட்டு. இதில் முதல் பாதியைக் கவனியுங்கள். குறைத்துக் கொடுப்பது தப்பு என்று எல்லாப் பயிற்சித்தாளும் சொல்லும். கூடுதலாக வாங்குவதைப் பற்றி எதுவும் பேசாது.

பிள்ளைகளுக்கும் அந்தப் பாதிதான் கடினம். பீட்டர் பிளேக், கேத்தரின் மெக்காலிஃப் முதலானவர்கள் இந்தியா உட்பட ஏழு நாட்டுப் பிள்ளைகளிடம் செய்த சோதனை 2015-ல் நேச்சர் இதழில் வந்தது. எதிரெதிரே இரண்டு பிள்ளைகள், இரண்டு தட்டில் தின்பண்டம். பங்கை ஏற்பதா மறுப்பதா என்பது ஒரு பிள்ளையின் கையில். மறுத்தால் இருவருக்குமே கிடையாது. தனக்குக் குறைவாக வைத்தபோது மறுப்பது ஏழு நாட்டிலும் இருந்தது. தனக்கு அதிகமாக வைத்தபோதும் மறுப்பது கனடா, அமெரிக்கா, உகாண்டா மூன்றில் மட்டும், அதுவும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளிடம்தான் தெரிந்தது. ஆக, குறைவைப் பார்க்க உங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தன் பக்கம் சேர்ந்திருக்கும் மிகுதியைப் பார்க்கத்தான் பாடம் வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, பக்கம் மாறி நிற்க வைப்பது.

ஒரு தராசு செய்யச் சொல்லுங்கள். திருக்குறளில் தராசை உவமை சொல்லும் நடுவுநிலைமை அதிகாரத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளைகூட முள் உள்ள தராசை இன்று கையால் தொட்டிருக்காது. கடையெல்லாம் மின்னணுத் தராசாகிவிட்டது. 30 செ.மீ. மர ஸ்கேல், இரண்டு கொட்டாங்கச்சி, நூல் போதும். இரண்டு ஓரத்திலும் கொட்டாங்கச்சியைக் கட்டுங்கள். தூக்கிப் பிடிக்கும் நூலை மட்டும் சரியாக 15-ல் கட்டாமல் 14-ல் கட்டுங்கள். அப்போது நீளமான பக்கம் தாழும். குட்டைப் பக்கத்துக் கொட்டாங்கச்சிக்கு அடியில் களிமண் ஒட்டி நேராக்கிவிடுங்கள். இப்போது காலித் தராசு நேராக நிற்கும். யார் பார்த்தாலும் நல்ல தராசு என்பார்கள்.

குட்டைப் பக்கம் எடைக்கல், நீளப் பக்கம் சரக்கு. கிலோவுக்கு 125 கிராம் குறையும். வாங்குபவருக்குப் போவது 875 கிராம்தான். கொட்டாங்கச்சி தாங்காது, ஆகையால் 100 கிராம் வைத்தே செய்யுங்கள், 87.5 வரும். ஐந்தாம் வகுப்புக்குத் தசமக் கணக்கும் அதிலேயே ஆகிவிடும். பிள்ளைகளிடம் ஏமாற்று இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், எங்கே என்று சொல்லாதீர்கள். தேடட்டும். யாராவது ஒரு பிள்ளை கல்லையும் சரக்கையும் தட்டு மாற்றி வைத்துப் பார்க்கும். தராசு சட்டென்று ஒரு பக்கம் சாயும். அந்த நொடியில் வகுப்பில் ஒரு சத்தம் எழும் பாருங்கள், அதற்காகவே இதைச் செய்யலாம்.

அப்புறம் அடுத்த படி. இந்தப் பொய்த் தராசை வைத்தே சரியாக நிறுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும். சரக்கை ஒரு தட்டில் வைத்து மறு தட்டில் மணல் போட்டு நேராக்குங்கள். சரக்கை எடுத்துவிட்டு, அதே இடத்தில் மணலுக்குச் சமமாக எடைக்கல்லை அடுக்குங்கள். கல்லின் எடைதான் சரக்கின் எடை. கல்லும் சரக்கும் ஒரே தட்டில் நின்றதால் தராசின் கோணல் இரண்டுக்கும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. நல்ல தராசு கைக்கு வரும்வரை நியாயத்துக்குக் காத்திருக்க வேண்டாம் என்பது ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய செய்தி!

வள்ளத்துக்குப் பதில் டம்ளரில் கடலையைக் குவித்துப் பத்து முறை, தலைதட்டிப் பத்து முறை அளந்து, வித்தியாசத்தை எண்ணச் சொல்லலாம். வாங்குபவர் விற்பவர் இடம் மாறி மறுபடி அளக்கட்டும். காய்கறியைக் கூறு போடும் விளையாட்டும் உண்டு: கூறு கட்டுவது ஒருவர், முதலில் எடுப்பது மற்றவர். இதை விளக்கவே வேண்டாம், கட்டுபவரின் கை தானாகவே சமமாகப் பிரிக்கும்.

உங்களுக்குப் பக்கத்திலேயே பொள்ளாச்சி மாட்டுச் சந்தை இருக்கிறது. செவ்வாயும் வியாழனும் கூடும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். இதை ஒரு கேள்வியாக வையுங்கள். விலையை மறைப்பது நியாயமா? குறைந்த விலைக்கு விற்றவருக்கு ஊரார் முன்னால் அவமானம் இல்லை. ஆனால் வாராவாரம் வருகிற தரகருக்கு எந்த மாடு என்ன விலைக்குப் போனது என்று தெரியும், வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாட்டைப் பிடித்து வருகிற விவசாயிக்குத் தெரியாது. எனக்கு இதில் விவசாயி பக்கம்தான் மனசு போகிறது. பிள்ளைகள் வேறு மாதிரி சொன்னால் சொல்லட்டும். 1999-ல் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தை இதற்கு நேர் எதிர். அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்து, இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே விற்பது. இரண்டுக்கும் அழைத்துப் போக முடிந்தால் நல்லது.

இப்போது கீரைக்காரப் பையன். அவன் கேட்டது சரிதான். ஒரே காசு கொடுத்தது சமம். ஆனால் கீரை விற்பவனுக்கு மட்டும் நேரம் எதிரி. நீங்கள் ஒரு தீர்ப்பும் சொல்ல வேண்டாம். அடுத்த சந்தைக்கு விதிகளைப் பிள்ளைகளே எழுதட்டும். கீரைக்கடைக்கு வாசல் பக்கம் இடமா? வாடும் சரக்குக்குச் சுங்கம் குறைவா? மாலையில் விலையை இறக்க அனுமதி உண்டா? மீந்த கீரையை எல்லோரும் சேர்ந்து வாங்கி மதிய உணவுக்குக் கொடுப்பதா? வளையல்காரப் பிள்ளை இதையெல்லாம் எதிர்க்கும், எதிர்க்க அதற்கும் உரிமை உண்டு.

ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வையுங்கள். யாருக்கு எந்தக் கடை என்று முதலில் சொல்லாதீர்கள். விதியெல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டிய பிறகு சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். கீரைச் சீட்டு யாருக்கு வந்தது, ஒட்டிய விதியில் எதை மாற்ற வேண்டும் என்று அந்தப் பிள்ளை சொன்னது, இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.