வர்த்தகக் கண்காட்சிக்கு விசா: கேள்வி பதில்

கேள்வி: கண்காட்சிக்கு இணையத்தில் பதிவு செய்து நுழைவுச்சீட்டும் வாங்கிவிட்டேன். அதைக் காட்டியே விசா பெற முடியாதா, ஐயா?

பதில்: நுழைவுச்சீட்டு கண்காட்சி வாசலில் காட்டுவதற்கு, தூதரகம் கேட்பது அழைப்புக் கடிதம். ஏற்பாட்டாளர்கள் தரும் கடிதம் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே வாசகத்தில் அச்சாவது. அங்கே அரங்கு அமைக்கும் நிறுவனம் ஒன்று, எந்தப் பொருளைப் பற்றிப் பேச, எந்த நாள்களில் உங்களை அழைக்கிறது, செலவு யாருடையது என்று எழுதித் தரும் கடிதத்தையும் இணைப்பது நல்லது என்பது என் கருத்து. கடிதத்தில் உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளிலேயே இருக்க வேண்டும். அழைப்பில் நான்கு நாள், விடுதிப் பதிவில் ஒன்பது நாள், அலுவலக விடுப்புக் கடிதத்தில் ஐந்து நாள் என்றிருந்தால், விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது அந்த முரண்பாடுதான். கூடுதலாகத் தங்கி ஊர் பார்க்கும் எண்ணம் இருந்தால் அதைப் பயணத்திட்டத்திலேயே எழுதிவிடுங்கள், அது குற்றமன்று.

கேள்வி: பிராங்பர்ட்டில் மூன்று நாள், மிலானில் ஐந்து நாள் கண்காட்சி. எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது?

பதில்: இரண்டும் ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்புக்குள் வருவதால் ஒரே விசா போதும். பயணத்தின் முக்கிய இடம் எதுவோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. இரு ஊர்களுக்கும் ஒரே நோக்கத்தில் செல்வதால், அதிக நாள் தங்கும் இத்தாலியிடம் விண்ணப்பியுங்கள். நாள்கள் சமமாக இருந்திருந்தால், முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாள்களுக்குக் குறைவான அவகாசத்தில் போய் நிற்கக் கூடாது. முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சிக்கலான விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை ஆகலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் கட்டாயம்.

கேள்வி: என்னிடம் சுற்றுலா விசா இருக்கிறது. அது போதாதா?

பதில்: நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்கா பெரும்பாலும் பி1/பி2 என வணிகத்துக்கும் சுற்றுலாவுக்கும் சேர்த்தே தருகிறது. பிரிட்டனின் பார்வையாளர் விசாவும் இரண்டுக்கும் பொருந்தும். சீனாவில் அப்படியில்லை: எல் வகை சுற்றுலாவுக்கு, எம் வகை வணிகத்துக்கு. குவாங்சோவின் கான்டன் கண்காட்சிக்குச் செல்பவர் விசா தேவைப்படும் நாட்டவரானால் எம் வகையையே கேட்க வேண்டும்.

கேள்வி: பார்வையாளராக அல்ல, ஸ்டால் போடச் செல்கிறோம். பொருள்களை அங்கேயே விற்கலாமா?

பதில்: பலர் தவறுவது இந்த இடத்தில்தான். பார்வையாளர் விசாவில் பொருளைக் காட்டலாம், விளக்கலாம். ஆனால் பிரிட்டனின் விதி, கண்காட்சியில் விளம்பரப் பணி மட்டுமே செய்யலாம், நேரடி விற்பனை கூடாது என்கிறது. அமெரிக்காவிலும் பி1 விசாவில் ஆர்டர் எடுக்கலாம், கையோடு கொண்டுபோன சரக்கைப் பணம் வாங்கி விற்க முடியாது. மாதிரிப் பொருள்களுக்கு விசா உதவாது, அது சுங்கத்துறையின் விஷயம். திரும்பக் கொண்டுவரும் பொருளானால் 'ஏடிஏ கார்னே' என்ற ஆவணத்தை உங்கள் நாட்டு வர்த்தக சபையிடம் வாங்குங்கள். அதை ஏற்கும் நாடுகளில் வரி கட்டாமல், அதிகபட்சம் ஓராண்டுக்குள் திருப்பிக் கொண்டுவரலாம். பரிசாக வழங்கித் தீர்ந்துபோகும் பொருள்களுக்கு அது பொருந்தாது.

கேள்வி: அமெரிக்க விசா 214(பி) பிரிவின் கீழ் மறுக்கப்பட்டது. கோப்பு நிறைய ஆவணங்கள் இருந்தன. அதிகாரி எதையும் பார்க்கவில்லை.

பதில்: நீங்கள் நாடு திரும்புவீர்கள் என்பதில் அதிகாரிக்கு நிறைவு ஏற்படவில்லை என்பதே அந்தப் பிரிவின் பொருள். மேல்முறையீடு கிடையாது, மீண்டும் விண்ணப்பிக்கத் தடையுமில்லை. நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால், கோப்பைவிட வாய்மொழிதான் பேசும். "தொழில் வாய்ப்புகளை அறியச் செல்கிறேன்" என்பது யாரும் சொல்லும் விடை. எந்த இயந்திரத்தைப் பார்க்கப் போகிறீர்கள், இப்போது பயன்படுத்துவதில் என்ன குறை என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: விசா வந்துவிட்டது. இனிக் கவலையில்லையே?

பதில்: உள்ளே விடுவதா என்பதை அங்குள்ள குடிவரவு அதிகாரியே முடிவு செய்வார். அழைப்புக் கடிதம், விடுதிப் பதிவு, திரும்பும் பயணச்சீட்டு ஆகியவற்றை அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் அவர் கேட்கும் நேரத்தில் அவை உங்கள் கைக்கு எட்டாது.