முட்டிக்குள் வைக்கும் பிளாஸ்டிக்: சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகள்

அம்மாவுக்கு முட்டி மாற்றப் போகிறோம். உள்ளே வைப்பது பாலித்தீன் என்றார் டாக்டர். கடையில் தரும் பைதானா?

பொருள் அதேதான், அதன் மூலக்கூறுச் சங்கிலியின் நீளம்தான் வேறு. சங்கிலி நீள நீள மூலக்கூறு எடை கூடும். பையில் அது மிஞ்சிப்போனால் சில லட்சம். மூட்டுப் பிளாஸ்டிக்கில் 20 முதல் 60 லட்சம் வரை போகும். அவ்வளவு நீளமான சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதால் எளிதில் பிய்வதில்லை. ஏறக்குறைய பாதிப் பகுதி மடிந்து படிகமாகி விறைப்பைத் தருகிறது. படிகங்களுக்கு இடையே ஓடும் சங்கிலிகள் அது உடையாமல் காக்கின்றன. 1962இல் இங்கிலாந்தில் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி இதை இடுப்பு மூட்டில் வைப்பதற்கு முன் டெஃப்லானை வைத்துப் பார்த்தார். நன்றாக வழுக்கியும் அது சீக்கிரமே தேய்ந்துபோனது.

நான் ரப்பர் பால் வெட்டிய ஆள். குறுக்குப் பிணைப்பு செய்த பிளாஸ்டிக் இடுப்புக்கு நல்லதாம். என் முட்டிக்கு மட்டும் டாக்டர் தயங்குவது ஏன்?

ஐயா, ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் சங்கிலிகள் பிணைந்து உறுதியாகும் அல்லவா? இங்கே கந்தகத்தின் வேலையைக் காமா கதிரோ எலக்ட்ரான் கற்றையோ செய்கிறது. நடக்கும்போது இடுப்பில் உராய்வு பல திசைகளில் போகும். ஒரு திசையில் தேய்த்ததும் சங்கிலிகள் அந்தப் பக்கமே படுத்துவிடும். உடனே குறுக்கே இழுத்தால் பிரிந்து துகளாக உதிரும். பிணைப்பு இதைத் தடுக்கிறது. இது சின்ன லாபம் இல்லை. மைக்ரானுக்கும் சிறிய அந்தத் துகள்களை விழுங்கும் உடலின் உயிரணுக்கள் தூண்டப்பட்டுத்தான் எலும்பு கரைந்து மூட்டு ஆடிப்போகிறது.

ஆனால் பிணைந்த சங்கிலிக்கு நெளிந்து கொடுக்க இடமில்லை. விரிசல் விழுந்தால் எளிதில் பரவும். முட்டியில் பாரம் சின்ன இடத்தில் குவிந்து, ஒவ்வோர் அடிக்கும் திரும்பத் திரும்ப அழுத்துகிறது. அங்கே தேய்மானத்தோடு, இப்படித் திரும்பத் திரும்ப அழுத்துவதால் வரும் களைப்பு விரிசலையும் பார்க்க வேண்டும். அதனால் முட்டிக்கு மிதமான பிணைப்பையோ பழைய வகையையோ தேர்ந்தெடுப்பவர்கள் பலர். உங்கள் டாக்டரின் தயக்கம் நியாயமானது.

வைட்டமின் இ கலந்த மூட்டு என்கிறார்களே, மாத்திரையும் சாப்பிடலாமா?

மாத்திரையால் பிளாஸ்டிக்குக்கு எந்தப் பலனும் இல்லை. கதிர் பட்ட சங்கிலியில் நிலையற்ற இடங்கள் மிஞ்சும். ஆக்சிஜன் அங்கே சேர்ந்தால் சங்கிலி துண்டாகி, பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும். 1990களின் நடுப்பகுதி வரை காற்றிலேயே கதிர் வீசிக் கிருமி நீக்கிய மூட்டுகள் பல, அலமாரியில் இருந்தபோதே இப்படிக் கெட்டன. உருக்கினால் அந்த இடங்கள் அடங்கும்; ஆனால் படிகம் குறைந்து வலிமையும் குறையும். பிளாஸ்டிக்கிலேயே வைட்டமின் இ சேர்த்தால் அது ஆக்சிஜன் தாக்காமல் காக்கும்; உருக்கத் தேவையில்லை. நம் செம்பனை எண்ணெயிலும் இருக்கும் சத்துதான் அது.

முட்டி மாற்றிய பிறகு குந்தி உட்காரலாமா?

ஆழமாக மடக்கினால் பாரம் பிளாஸ்டிக்கின் பின்பக்கத்தில் ஏறும். அதைத் தாங்குவது உங்களுக்கு வைத்திருக்கும் வடிவமைப்பைப் பொறுத்தது. அறுவை செய்த டாக்டரிடம் கேட்காமல் குந்த வேண்டாம்.