ஆணே இல்லாத தொட்டியில் கப்பி மீன் குட்டி போட்டது எப்படி?

கடையில் மூன்று ஜோடி கப்பி என்ற சின்ன வண்ண மீன் வாங்கி இரண்டடித் தொட்டியில் விட்டிருக்கிறார் ஒரு வாசகர். ஆண்கள் ஓயாமல் துரத்தியதில் ஒரு பெண் செத்துப்போக, மிச்சம் இரண்டையும் தனித் தொட்டிக்கு மாற்றியிருக்கிறார். இரண்டு மாதத்தில் அங்கே இரண்டு முறை குட்டி. எப்படி என்று கேட்கிறார். ஆண்களின் ஆரஞ்சு நிறம் வேறு வெளுத்துக்கொண்டே போகிறதாம்.

பெண் கப்பி ஒருமுறை இணைந்தால் போதும், விந்தணுவை உடம்புக்குள்ளேயே மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொண்டு, ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். கடையில் ஆண்களோடு கலந்து கிடந்த பெண் பெரும்பாலும் சினையாகத்தான் வீட்டுக்கு வரும், அதனால் குட்டிகள் உங்கள் ஆணைப் போலவே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரகம் கலக்கக் கூடாது என்றால் மூன்று வாரத்திலிருந்தே குட்டிகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: வயிற்றுக்கு அடியில் பின்பக்கம் இருக்கும் துடுப்பு விசிறியாகவே இருந்தால் பெண், குச்சிபோல் மெலிந்து நீள ஆரம்பித்தால் ஆண். நிறம் வரட்டும் என்று காத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

துரத்தலுக்கு நான் குறை சொல்வது கடைக்காரர்களின் ஜோடிக் கணக்கை. ஆண் சில நேரம் பெண்ணுக்கு முன்னால் வந்து உடம்பை வளைத்து, துடுப்பை விரித்து, நடுங்கிக் காட்டும். பெண்ணுக்குப் பிடித்தால்தான் மேற்கொண்டு. சில நேரம் அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது, பின்னாலிருந்து வந்து குச்சித் துடுப்பால் குத்திவிட்டு ஓடிவிடும். சம எண்ணிக்கையில் விட்டால் பெண்ணுக்கு மூச்சு விட நேரமிருக்காது. ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண், ஒளிந்துகொள்ள அடர்த்தியாக ஜாவா மாஸ் என்ற நீர்ச்செடி, இது போதும்.

சரி, நிறம். ஆரஞ்சுக்கு வேண்டிய கரோட்டினாய்டு என்ற நிறமியை மீன் தானாகத் தயாரிக்காது, சாப்பாட்டில்தான் கிடைக்க வேண்டும். கப்பியின் சொந்த ஊர்களில் ஒன்றான கரீபியன் தீவு டிரினிடாடின் ஓடைகளில் பாசியிலிருந்து கிடைக்கிறது. ஆரஞ்சு கூடிய ஆணைத்தான் பெண்கள் பெரும்பாலும் விரும்பும். ஆனால் பளிச்சென்று இருந்தால் எதிரி கண்ணிலும் படும்: உயிரியலாளர் ஜான் எண்ட்லர் 1980இல் வெளியிட்ட ஆய்வில், வேட்டை மீனோடு வளர்ந்த கப்பிகளுக்குச் சில தலைமுறையிலேயே புள்ளிகள் குறைந்தன, எதிரி இல்லாத இடத்தில் கூடின. உங்கள் தொட்டியில் வேட்டை மீன் இல்லை, ஆகவே முதலில் தீவனத்தைச் சந்தேகப்படுங்கள். ஸ்பைருலினா கலந்த தீவனமும் வாரம் இரண்டு முறை ஆர்டீமியா என்ற பொடி உப்புநீர் இறாலும் கொடுத்து சில வாரம் பாருங்கள்; வயதான ஆண் என்றால் பெரிய மாற்றம் வராது.

அந்த இரண்டு பெண்ணும் இன்னும் ஒன்றிரண்டு முறை குட்டி போடலாம், காலித் தொட்டி ஒன்று தயாராக இருக்கட்டும்.