வைரம் மின்சாரத்தைக் கடத்தாதே, அதை வைத்து எப்படி பயோசென்சார் (உடலில் உள்ள வேதிப்பொருள்களையோ டிஎன்ஏவையோ கண்டறியும் கருவி) செய்கிறார்கள்?

சுத்தமான வைரம் கடத்தாதுதான். ஆனால் மீத்தேனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவிலிருந்து வைரப் படலத்தை வளர்க்கும்போதே கொஞ்சம் போரானையும் சேர்த்துவிட்டால், அது கிட்டத்தட்ட உலோகம் போலக் கடத்த ஆரம்பித்துவிடும். நகைக்கடை வைரத்தை யாரும் உரசிப் போடுவதில்லை, பயப்பட வேண்டாம்!

தங்கம், பிளாட்டினம் இருக்க இது எதற்கு? வைர மின்முனையில் பின்னணி மின்னோட்டம் (தேடும் பொருள் இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டம்) மிகக் குறைவு. சத்தமில்லாத அறையில் முணுமுணுப்பும் கேட்பது போல, சின்ன சிக்னலும் தெரியும். தண்ணீரைச் சிதைக்காமல் சுமார் 3 வோல்ட் அகலமான மின்னழுத்த வரம்பில் அளக்கவும் முடியும்.

உண்மையான வித்தை மேற்பரப்பில்தான் இருக்கிறது. மூளைத் திரவத்தில் டோபமைனை (நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்) அளப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வைட்டமின் சி பல நூறு மடங்கு அதிகம். இரண்டும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் ஆக்சிஜனேற்றம் அடைவதால் சிக்னல்கள் குழம்பிவிடும். வைரம் வளரும்போதே அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஆக்சிஜனைப் பொருத்தினால், எதிர்மின்சுமை கொண்ட வைட்டமின் சி விலக்கப்பட்டு அதன் சிக்னல் வேறு மின்னழுத்தத்துக்குத் தள்ளிப்போகிறது. நேர்மின்சுமை கொண்ட டோபமைனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒரு குறிப்பிட்ட டிஎன்ஏவைக் கண்டறிய, அதற்கு ஜோடியான டிஎன்ஏ இழையை வைரத்தில் ஒட்ட வேண்டும். அதற்கு வேறு வழி: ஹைட்ரஜன் மூடிய பரப்பில், புற ஊதா ஒளியின் உதவியால் கரிமச் சங்கிலிகளை இணைத்து, அவற்றின் நுனியில் டிஎன்ஏவைக் கட்டுவது. விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு 2002-இல் இதைச் செய்துகாட்டியது. கார்பன்-கார்பன் பிணைப்பு என்பதால் லேசில் கழன்று வராது. தங்கத்தில் கந்தகப் பிணைப்பு அவ்வளவு தாங்காது.

அப்புறம் நானோ கம்பிகள். தட்டையான படலத்தைப் பொறித்து ஊசிக்காடு போல ஆக்கினால் பரப்பளவு கூடும். நுனியில் மட்டும் டிஎன்ஏ வைத்தால் இழைகள் நெருக்கியடிக்காமல் தங்கள் ஜோடியைப் பிடிக்க இடம் கிடைக்கும்.